சார்ஜ்: போனுக்கும் வழக்குக்கும் பொறுப்புக்கும் ஒரே சொல் ஏன்?

கேள்வி: அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல் கோப்புகளில் பொறுப்பு, கட்டணம், குற்றச்சாட்டு என்று பல பொருளில் வருகிறது. நான் ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்று எழுதிய ஓர் இடத்தில் மேலதிகாரி ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்று திருத்தினார். என்ன வேறுபாடு? இந்தச் சொல்லைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

பதில்: முதலில் அந்தத் திருத்தம். ‘த கிளார்க் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த ரெக்கார்ட்ஸ்’ என்றால் ஆவணங்களுக்கு எழுத்தர் பொறுப்பு. ‘த ரெக்கார்ட்ஸ் ஆர் இன் த சார்ஜ் ஆஃப் த கிளார்க்’ என்றால் ஆவணங்கள் எழுத்தரின் பொறுப்பில் இருக்கின்றன. வாக்கியம் பொறுப்பாளரில் தொடங்கினால் ‘த’ வராது. ஒப்படைக்கப்பட்ட பொருளில் தொடங்கினால் வரும். இரண்டாவது வாக்கியத்தில் ‘த’வை விட்டுவிட்டால், ஆவணங்கள் எழுத்தரை நிர்வகிக்கின்றன என்று பொருளாகிவிடும்.

இத்தனை பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்தன? லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் அதே குடும்பம். தமிழருக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. நாமும் குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லிலேயே ‘பொறு’, அதாவது தாங்கு, இருக்கிறது. ஒருவர்மேல் ஏற்றியது பணமானால் கட்டணம், பழியானால் குற்றச்சாட்டு, வேலையானால் பொறுப்பு.

மின்சாரப் பொருள் துப்பாக்கி வழியாக வந்தது. ஒருமுறை சுடுவதற்கு ஏற்றும் வெடிமருந்தின் அளவுக்கும் ‘சார்ஜ்’ என்றே பெயர். 1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லேடன் ஜாடிகளில் மின்சாரத்தைத் தேக்கி ஆராய்ந்தபோது, ஜாடியில் ஏற்றியதை அந்தச் சொல்லாலேயே குறித்தார். பீரங்கி வரிசையைக் குறித்த ‘பேட்டரி’யை ஜாடி வரிசைக்குப் பெயராக வைத்தவரும் அவரே.

இனி நாம் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள். ‘பஸ் சார்ஜ்’ என்பது தமிழ்ப் பேச்சுக்குச் சரி. ஆங்கிலத்தில் பயணக் கட்டணம் ‘ஃபேர்’, மருத்துவர், வழக்கறிஞர், பள்ளிக்குச் செலுத்துவது ‘ஃபீ’. டெலிவரி, பராமரிப்பு போன்ற சேவைகளுக்கு வாங்குவதே ‘சார்ஜ்’. போனில் சார்ஜ் தீர்ந்தால் ‘தேர் இஸ் நோ சார்ஜ்’ என்று சொல்லாதீர்கள்; கேட்பவர் இலவசம் என்று எடுத்துக்கொள்வார். ‘த பேட்டரி இஸ் டெட்’ என்பதே இயல்பு. சார்ஜ் ஏறவில்லை என்றால் ‘இட் இஸ் நாட் சார்ஜிங்’.

கட்டணத்துக்கு ‘சார்ஜ்ட் ஃபார்’, குற்றத்துக்கு ‘சார்ஜ்ட் வித்’. ‘சார்ஜ்ட் ஃபார் தெஃப்ட்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ‘சார்ஜ்ட் வித் தெஃப்ட்’ அல்லது ‘அக்யூஸ்ட் ஆஃப் தெஃப்ட்’ என்பதே சரி. இந்த இரண்டும் ஒன்றல்ல. யாரும் யாரையும் ‘அக்யூஸ்’ செய்யலாம். ‘சார்ஜ்’ என்பதற்கு முறையான நடவடிக்கை வேண்டும். புலனாய்வு முடிந்து காவல்துறை தாக்கல் செய்வது ‘சார்ஜ் ஷீட்’, குற்றப்பத்திரிகை. அதைப் பரிசீலித்து நீதிமன்றம் செய்வது ‘ஃபிரேமிங் ஆஃப் சார்ஜஸ்’, குற்றச்சாட்டு வனைதல். செய்திகளில்கூட இவற்றைக் குழப்புகிறார்கள். ஒருவரின் மானம் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் கவனம் வேண்டும். உங்கள் துறையில் வரும் ‘சார்ஜ் மெமோ’ குற்றவியல் வழக்கு அல்ல. அது தமிழ்நாடு குடிமைப் பணிகள் விதி 17(அ) அல்லது 17(ஆ)வின் கீழ் தரப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை.

பணியேற்பை ‘டேக்கன் சார்ஜ்’ என்றும் கூடுதல் பொறுப்பை ‘அடிஷனல் சார்ஜ்’ என்றும் எழுதுவது இந்திய அலுவலக மரபு, தயங்காமல் எழுதலாம். ஆனால் ‘த இன்சார்ஜ்’ என்று ஆளையே குறிப்பது வெளிநாட்டவருக்கு எளிதில் விளங்காது. அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் ‘த ஆஃபீசர் இன் சார்ஜ்’ என்று போடுங்கள்.

கடைசியாக, பாரத்தை இறக்குவது ‘டிஸ்சார்ஜ்’. மருத்துவமனையிலிருந்து அனுப்புவதும் பேட்டரி இறங்குவதும் அதுவே. நீதிமன்றத்தில் மட்டும் எச்சரிக்கை: விசாரணைக்கு முன்பே போதிய முகாந்திரம் இல்லையென்று விடுவிப்பது ‘டிஸ்சார்ஜ்’, விசாரித்து முடித்துக் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்வது ‘அக்விட்டல்’. கோப்பில் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதக் கூடாது.