நாராயண பிள்ளையைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள்

கேள்வி: தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். மாலை வகுப்பில் முதுகலை படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு, 'சிங்கப்பூரில் தமிழ்மொழிப் புழக்கம்: ஓர் ஆய்வு'. முதல் இயலை மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் என் நெறியாளர், "எல்லாம் இருக்கிறது, ஆய்வு எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். பின்னணி, ஆய்வுச் சிக்கல், நோக்கம், வினா, கருதுகோள், எல்லை என்று தலைப்புகளை முறையாகத்தான் போட்டிருக்கிறேன். ஆய்வு வினாக்கள் ஏழு. இயலை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன், அழைத்துப்போக வரும் பாட்டியிடம் பள்ளி வாசலில் மணிமணியாகத் தமிழ் பேசுவான். பக்கத்தில் என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். நானோ அவனுடைய தமிழாசிரியர்! இந்த மாதிரிச் சின்ன விஷயங்களையெல்லாம் ஆய்வில் எழுத முடியாதே. எங்கே தவறு செய்கிறேன்?
– உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆய்வு எங்கே என்று உங்கள் நெறியாளர் தேடியது உங்கள் கடிதத்தின் கடைசியில் கிடக்கிறது. அதையும் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பாட்டியிடம் தமிழ், தமிழாசிரியரிடம் ஆங்கிலம். படித்த உடனே எனக்கு 'ஏன்?' என்று கேட்கத் தோன்றியது. நீங்கள் இணைத்திருந்த 22 பக்கங்களில் ஓரிடத்திலும் அப்படித் தோன்றவில்லை.

அந்தப் பக்கங்களில் பிழை என்று எதுவும் இல்லை. 1819 மே மாதம் ராஃபிள்சுடன், சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழர்களில் ஒருவரான நாராயண பிள்ளை கப்பலில் வந்து இறங்குகிறார். 1887இல் 'சிங்கை நேசன்' இதழ் வருகிறது, 1935இல் 'தமிழ் முரசு' நாளிதழ் வருகிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் வருகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நீங்கள் வந்து சேரும்போது 17ஆம் பக்கம். அதற்குள் வாசகர் துறைமுகத்திலேயே களைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் இந்தத் தவறு புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைகளைப் பற்றிய என் ஆய்வேட்டைச் சங்க காலத்தில் தொடங்கியவள் நான்.

பின்னணி என்றால் இதற்குமுன் நடந்தது எல்லாம் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் வினா வாசகருக்குப் புரிய எது தேவையோ, அது மட்டும்தான் பின்னணி. ஒவ்வொரு பத்தியையும் கையால் மறைத்துக்கொண்டு, 'இது இல்லாவிட்டால் என் வினா புரியாமல் போகுமா?' என்று கேட்டுப் பாருங்கள். நாராயண பிள்ளை இல்லாமலே அந்தப் பையனைப் பற்றிய கேள்வி புரிகிறது. ஆகவே அவர் கப்பலிலேயே இருக்கட்டும்.

கணக்கெடுப்பு எண்கள் தேவை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 32.3இலிருந்து 48.3 விழுக்காடாகக் கூடினார்கள். இதற்கு அரைப் பக்கம் போதும். ஆனால் நீங்கள் இந்த எண்களைக் கொடுத்துவிட்டு, 'இது கவலைக்குரியது' என்று எழுதி அந்தப் பகுதிக்கு 'ஆய்வுச் சிக்கல்' என்று தலைப்பும் போட்டுவிட்டீர்கள். கவலை எல்லாருக்கும் இருக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்க வந்தவரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நமக்குத் தெரிந்த ஒன்றும் கண்ணால் கண்ட ஒன்றும் ஒத்துப்போகாமல் இடிக்கிற இடம்தான் ஆய்வுச் சிக்கல்.

உங்கள் பையனிடம் எது இடிக்கிறது? தமிழ் தெரியாததால் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள் என்பது பொதுப் பேச்சு. இவனுக்குத் தமிழ் தெரியும். ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற மொழியியலாளர் 1965இல் 'யார், எந்த மொழியை, யாரிடம், எப்போது பேசுகிறார்' என்ற கேள்வியை முன்வைத்து, வீடு, பள்ளி, வேலையிடம் என்று மொழிப் பயன்பாட்டைக் களம் களமாகப் பார்க்கச் சொன்னார். அந்தக் கண்ணால் பார்த்தால், வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று முடித்துவிடலாம். இவனோ ஒரே வாசலில், ஒரே நிமிடத்தில் ஆளைப் பார்த்து மாறுகிறான். அதுவும் யாரிடம் தமிழ் பேசுவான் என்று எதிர்பார்ப்போமோ, அவரிடமே பேசவில்லை.

ஒருவேளை அவன் காதுக்குப் பாட்டியின் தமிழும் உங்கள் தமிழும் இரண்டு வேறு மொழிகளோ? பாட்டி பேசுவது வீட்டுத் தமிழ். நீங்கள் வகுப்பில் பேசுவது, நாம் எல்லாரும் செய்வதுபோல, கொஞ்சம் புத்தகத் தமிழ். தப்பாகப் பேசிவிட்டால் திருத்துவார் என்ற பயமும் இருக்கலாம். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னதை ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் பின்னணியில் வர வேண்டிய செய்தி. 22 பக்கத்தில் அதைக் காணோம்! பையனைப் பற்றி நான் சொன்னது வெறும் ஊகம். சரியா தப்பா என்று பார்ப்பது உங்கள் வேலை.

ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990இல், ஆய்வு முன்னுரைகள் மூன்று நகர்வுகளில் நடப்பதாகக் காட்டினார். முதலில் களத்தைக் காட்டுவது, பிறகு அதில் ஓர் இடைவெளியைக் காட்டுவது, கடைசியில் அந்த இடைவெளியில் நாம் போய் அமர்வது. மதிய நேரத்தில் உணவங்காடி நிலையத்துக்குப் போகும் எவருக்கும் இது தெரிந்த விஷயம்தான். கூட்டத்தை ஒரு பார்வை பார்க்கிறோம், காலி நாற்காலியைக் கண்டுபிடிக்கிறோம், இடம்பிடிக்க டிஷ்யூ பாக்கெட்டை வைக்கிறோம். நீங்கள் 22 பக்கமும் கூட்டத்தையே வருணித்துக்கொண்டு நிற்கிறீர்கள், தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

நாற்காலி உண்மையிலேயே காலியா என்றும் பார்க்க வேண்டும். 'இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை' என்று 19ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே அடித்துவிடுங்கள். ஹெரால்ட் ஷிஃப்மன், வனிதாமணி சரவணன், சீதா லட்சுமி போன்றவர்கள் சிங்கப்பூர்த் தமிழின் நிலை, மொழிக் கொள்கை, வகுப்பறைப் பேச்சுத்தமிழ் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் ஒருவர் ஒரே ஒரு கட்டுரையைக் காட்டினால் உங்கள் வாக்கியம் சரிந்துவிடும். 'இன்னார் இதைக் கண்டார், இன்னார் அதைக் கண்டார். பிள்ளை ஆளுக்கு ஆள் மொழி மாற்றுவதை நான் இந்தக் கோணத்தில் பார்க்கிறேன்' என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது. அப்படி எழுத முதலில் அவர்களைப் படிக்க வேண்டும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் நல்ல தொடக்கம் கிடைக்கும்.

இனி வினாக்கள். ஏழில் முதலாவது, 'சிங்கப்பூரில் தமிழ் வாழுமா?' அது சோதிடரிடம் கேட்க வேண்டியது. ஐந்தாவது, 'தமிழை வளர்க்க என்ன செய்யலாம்?' அதற்குக் குழு அமைப்பார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, இதற்கான பதில் யாரிடமிருந்து, எப்படிக் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத வினாவை எடுத்துவிடுங்கள். எனக்குத் தோன்றும் இரண்டு இவை: தாத்தா பாட்டியோடு வாழும் தொடக்கநிலை 1, 2 பிள்ளைகள் யாரிடம், எந்தப் பேச்சில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள்? அந்த மாற்றத்துக்குப் பிள்ளைகளும் பெரியவர்களும் சொல்லும் காரணங்கள் என்ன? முதலாவதுக்குக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும், இரண்டாவதுக்கு உட்கார்ந்து பேச வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருவருக்கு இதுவே அதிகம்.

நோக்கங்களும் இந்த வினாக்களோடு ஒட்டி நிற்க வேண்டும். 'தமிழ்ப் பற்றை வளர்த்தல்' நீங்கள் ஆய்வுக்கு வந்த காரணம், ஆய்வின் நோக்கம் அல்ல. கருதுகோளை, அதாவது இதுதான் விடையாக இருக்கும் என்று முன்கூட்டியே வைக்கும் ஊகத்தை, எடுத்துவிடலாம். சில குடும்பங்களைக் கவனித்துப் பேசும் ஆய்வுக்கு அது கட்டாயமில்லை. அளந்து ஒப்பிடும் ஆய்வுக்குத்தான் அது வேண்டும்.

எல்லைக்கு நீங்கள் கடைசியில் இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். நம் மரபில் அது முன்னால் நிற்பது. தொல்காப்பியப் பாயிரம், அதாவது அதன் முன்னுரை, வடவேங்கடம், தென்குமரி என்று எல்லையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று எட்டைக் கணக்கிடுகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். உங்கள் பல்கலைக்கழகம் கேட்பவற்றில் பாதிக்குமேல் இதில் இருக்கிறது. 'வழி' என்பதை முன்னாய்வு என்றும் 'நுதலிய பொருள்' என்பதை ஆய்வுப் பொருள் என்றும் வைத்துப் பாருங்கள். நான் மாணவர்களிடம் அதிகம் கேட்பது 'கேட்போர்' பற்றித்தான். இந்த இயலை யாருக்காக எழுதுகிறீர்கள்? உங்கள் 22 பக்கம் சிங்கப்பூரையே அறியாத ஒருவருக்காக எழுதியதுபோல இருக்கிறது. படிக்கப்போகிறவரோ இங்கேயே இருக்கும் உங்கள் நெறியாளர்!

இன்னொன்று. தொல்காப்பியப் பாயிரத்தை எழுதியவர் தொல்காப்பியருடன் படித்த பனம்பாரனார். நூல் முடிந்த பிறகுதானே பாயிரம் எழுத முடியும்? முதல் இயலின் கடைசி வடிவத்தை இப்போதே எழுத முயன்றுதான் மூன்று முறை திணறியிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டு பக்கத் திட்டம் போதும்: வாசலில் கண்ட காட்சி, கணக்கெடுப்பு எண்கள், முன்னோர் கண்டது, இரண்டு வினா, எல்லை. தலைப்பும் அதற்கேற்பச் சுருங்கட்டும். அதைக் காட்டி நெறியாளரின் ஒப்புதலை வாங்குங்கள். முழு இயலை ஆய்வு முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம். பழைய 22 பக்கத்தை வேறு கோப்பில் பத்திரமாக வையுங்கள், எங்காவது உரையாற்றக் கூப்பிட்டால் உதவும்.

அனுமதி விஷயத்தை அந்த இரண்டு பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். பள்ளியில் தகவல் திரட்டக் கல்வி அமைச்சின் அனுமதியும், பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெற்றோரின் சம்மதமும் வேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். உங்கள் சொந்த மாணவர்களைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. மதிப்பெண் போடும் ஆசிரியர் கேட்டால் எந்தப் பெற்றோர் மறுப்பார்? அந்தப் பையனும் ஆய்வில் வர வேண்டாம். உங்களுக்குக் கேள்வியைக் கொடுத்த அளவில் அவன் வேலை முடிந்தது. முன்னுரையில் அவனைச் சொன்னாலும், பெயரும் பள்ளியும் வகுப்பும் தெரியாதபடி இரண்டே வரியில் சொல்லுங்கள்.