விபத்துகளை ஆராய்வதாலும் காரில் வரும் புதுக் கருவிகளாலும் சாலை விபத்து குறையுமா?

குறையும். ஆனால் ஆராய்ச்சி முதலில், கருவி அப்புறம். காரைக்குடிப் பக்கம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன், நொறுங்கிய வண்டியைப் பார்ப்பதுதான் பிழைப்பு.

இங்கே விபத்து நடந்தால் எஃப்ஐஆரில் வழக்கமான வரி ஒன்று உண்டு: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதிக்கொடுப்பார். யார் மேல் தப்பு என்பது முடிந்தது. கண்மாய்க்கரை வளைவில் புளியமரத்தில் போய் மோதியவர் ஏன் பிரேக்கே பிடிக்கவில்லை, தூங்கிவிட்டாரா, எதிரே வந்த லைட் கண்ணைக் கூசியதா, பெல்ட் போட்டும் எப்படி இறந்தார் என்றெல்லாம் கேட்க ஆளில்லை.

கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஜேபி ரிசர்ச் என்ற நிறுவனத்தார் சம்பவ இடத்துக்கே போய் டயர் தடம், வண்டி நசுங்கிய ஆழம், ஆளுக்குப் பட்ட காயம் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் காரணம் தேடுகிறார்கள். மும்பை - புனே விரைவுச் சாலையில் இப்படி ஆராய்ந்து, 2016-லிருந்து இடம் இடமாகச் சரிசெய்ததில் சில ஆண்டுகளில் உயிரிழப்பு பாதிக்கும் கீழே வந்தது. 2021-லிருந்து நம் போலீசாரும் சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலியில் விபத்து விவரங்களைப் பதிகிறார்கள். நல்ல தொடக்கம்.

காரே சாட்சி சொல்லும் வசதியும் உண்டு. ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்குள் ஒரு பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய 5 விநாடியில் என்ன வேகம், பிரேக் மிதித்தாரா, பெல்ட் போட்டிருந்தாரா என்று வைத்திருக்கும். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். என் வேலையில் பாதி வாக்குவாதம் அந்த 5 விநாடி பற்றித்தான்!

சரி, ஆள் குறுக்கே வந்தால் கேமராவில் பார்த்துத் தானாகவே பிரேக் போடும் கார் எப்படி? தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்னே இருட்டில் கிளம்பிவிடுவார்கள். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2022-ல் நிஜ விபத்துகளை அலசியதில், இந்த வசதியால் பாதசாரி மீது மோதுவது 27 சதவீதம் குறைந்தது தெரிந்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் மட்டும் பலனே தெரியவில்லை. 2025-ல் அவர்களே வெளியிட்ட சோதனை இன்னும் மோசம். லைட் பட்டால் ஒளிரும் பட்டை மாட்டிய ஆள் பொம்மையை நிறுத்தி மூன்று கார்களை விட்டால், இரண்டு கார்கள் பட்டை இருந்தும் வேகத்தையே குறைக்கவில்லை. நாம் பாதயாத்திரைக்காரர்கள் முதுகில் ஒட்டிவிடுவதும் அதே பட்டைதான். மனிதக் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால் கழற்றச் சொல்லவில்லை. கேமராவை நம்பி டிரைவர் அசந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் குறை தெரியவந்ததும் யாரோ மெனக்கெட்டு ஆராய்ந்ததால்தானே?

புதுக் கார் வாங்குகிறவர்கள் கேட்டால், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சியும் பக்கத்து ஜன்னலில் திரைபோல விரியும் ஏர்பேக்கும் முதலில் பாருங்கள் என்பேன். புளியமர ரோட்டுக்கு அவைதான் உதவும். காரை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப்பில் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிடும் சோதனையும் இருக்கிறது, அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.