குரலில் குறையே இல்லை

கேள்வி: கிறிஸ்துமஸ் லீவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, 2013 டிசம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி நேரலையாக நடத்திய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' பாட்டு நாடகத்தை டிவிடியில் பார்த்தேன். மனைவியை இழந்த ஒரு கேப்டனின் ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மடத்திலிருந்து வரும் மரியாவாக நடித்த கேரி அண்டர்வுட்டின் குரல் தேன்! நீங்களோ போன இதழில் 'நாயகி தேர்வு தவறு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாட்டு நாடகத்துக்குப் பாட்டுதானே முக்கியம்? கே.பி. சுந்தராம்பாளை நடிப்புக்காகவா ஜனங்கள் பார்க்கப் போனார்கள்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒரே வரியில் முடித்தது தப்புதான். வரி தப்பில்லை, காரணம் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. இப்போது சொல்கிறேன்.

முதலில் சுந்தராம்பாள். நடிப்புக்காகவும்தான் போனார்கள். சிறுமியாக இருக்கும்போதே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மேடையிலேயே வளர்ந்தவர் அவர். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், கோபித்துக்கொண்டு பழநியில் போய் நிற்கும் முருகனை ஒளவையாராக அவர் சமாதானம் செய்யும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. கொஞ்சுவதும் கண்டிப்பதும் பேச்சிலேயே தொடங்கிவிடுகிறது. பாட்டு அதை மேலே தூக்கிக்கொண்டு போகிறது. அவரை 'பாட்டுக்காரி' என்று மட்டும் சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

கேரி அண்டர்வுட்டின் கதை வேறு. 2005-இல் 'அமெரிக்கன் ஐடல்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்று, 'கன்ட்ரி' எனும் அமெரிக்கக் கிராமிய இசையில் பெரிய பெயர் எடுத்தவர். குரலில் குறையே இல்லை. இடியும் மின்னலுமான இரவில் பிள்ளைகளோடு பாடும் அந்த ஆட்டிடையன் பாட்டு இருக்கிறதே, அதில் குரலை மேலும் கீழும் புரட்டிப் பாடுவது அவர் வளர்ந்த இசையிலேயே ஊறிப்போன வித்தை. அதை யாரும் அவரைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டார்கள். தகராறு பாட்டில் இல்லை. பாட்டுக்கு முந்தின நாலு வரியில்தான். விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிடும் கேப்டனை எதிர்த்துப் பேசும்போதும், மடத்தில் தன் குழப்பத்தைச் சொல்லும்போதும், வெட்கப்படும்போதும் ஒரே சுருதியில் பேசுகிறார். மனசு கொள்ளாமல் பொங்கி வர வேண்டிய பாட்டு, 'சரி, இப்போது பாட்டு நேரம்' என்பதுபோல் வந்து நிற்கிறது.

இதில் அவரைவிட, தேர்வு செய்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். கேப்டனுக்கு நிச்சயிக்கப்பட்ட பணக்காரப் பெண்மணி எல்சாவாக வந்தாரே, லாரா பெனான்ட்டி? அவர் ஏற்கெனவே நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் இதே நாடகத்தில் மரியாவாக நடித்தவர்! 2008-இல், மேடை நாடகத்துக்கான பெரிய விருதான டோனியும் வாங்கியவர். எல்சாவை எரிச்சலூட்டும் வில்லியாக்காமல், தோற்பது தெரிந்தும் தலை நிமிர்ந்து விலகுகிற பெண்ணாக்கினார். அவரையும் கேப்டனின் நண்பர் மேக்ஸ் வேடத்தில் வந்த கிறிஸ்டியன் போர்லையும் நம்பித்தான், இதே நாடகம் 1965-இல் சினிமாவானபோது வெட்டப்பட்ட அவர்கள் பாட்டுகளை இதில் திரும்பச் சேர்த்தார்கள். சேர்த்தது வீண்போகவில்லை. அப்படிப்பட்டவர் கையிலேயே இருக்க, பெரிய வேடம் போனது பெரிய பெயருக்கு. அன்று இரவு 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கணக்கு பலித்தது, நாடகம் நலிந்தது.

அந்தப் பெயருக்காவது நியாயம் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஜனத்திரள் முன்னால் நின்று, கைதட்டலில் உரமேறிப் பாடுகிறவரை, ஒரு பார்வையாளர்கூட இல்லாத ஸ்டுடியோவில் மூன்று மணி நேரம் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்தபிறகு விழும் அமைதியைக் கவனித்தீர்களா? பழகிய மேடை நடிகருக்கே அது கஷ்டம். முதல் முறை இவ்வளவு பெரிய வேடம் போடுகிறவருக்கு அது கொடுமை.

கேப்டனாக வந்த ஸ்டீபன் மோயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அந்த சினிமாவில் கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்கு வேறொருவர் பின்னணி பாடினார். இவர் சொந்தக் குரலில், அதுவும் நேரலையில் பாடினார். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை. ஆனால் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு மனசு இளகும் இடத்திலும் விறைப்பு போகவில்லை. ஏழு பிள்ளைகளும் நன்றாகவே செய்தார்கள்.

இப்போது உங்கள் அசல் கேள்வி, பாட்டுதானே முக்கியம் என்பது. சில வருஷம் முன்னால், நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்துக்குப் போயிருந்தேன். துகில் உரிதல். விடியற்காலை மூன்று மணி இருக்கும். பாஞ்சாலி வேஷம் கட்டியவருக்குத் தொண்டை கட்டிப்போய், உச்சத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. பின்பாட்டுக்காரர்கள் சட்டென்று அந்த அடியை வாங்கிக்கொண்டார்கள். அவர் பாட்டை விட்டாரே தவிர பாஞ்சாலியை விடவில்லை. கூந்தலைப் பிடித்தபடி சபையை ஒரு சுற்று பார்த்தார். அவ்வளவுதான். எனக்கு முன்னால் கோணியில் உட்கார்ந்திருந்த கிழவி, 'அடப்பாவிகளா' என்று வாய்விட்டு அழுதாள். தமிழ் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இங்கே புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் எமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையில் வந்தால் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்பார்களே, அந்த நடுக்கம் நல்ல சாரீரத்தால் மட்டும் வந்திருக்குமா?

இந்த நாடகத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. மடத்துத் தலைவியாக வரும் ஆட்ரா மெக்டொனால்ட். மலைகளை ஏறிக் கடந்து போ என்று மரியாவுக்குத் தைரியம் சொல்லும் பாட்டை, மேடைப் பாட்டாக எடுக்காமல், கலங்கி நிற்கும் ஒரு பெண்ணிடம் பேசுவதாகத் தொடங்குகிறார். குரல் உயர உயர, சொல்லும் விஷயமும் உயர்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். டிவிடியில் அந்தப் பாட்டை மறுபடி போடுங்கள். இந்த முறை மெக்டொனால்டை விட்டுவிட்டு, எதிரே நிற்கும் கேரியின் முகத்தை மட்டும் பாருங்கள். வசனம் இல்லை, பாட்டு இல்லை, வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார். கண் கலங்குகிறது. மூன்று மணி நேரத்தில் அவர் மரியாவாகவே இருந்த நேரம் அதுதான்.