பணியிடத்திலும் ஊர்க் கூட்டத்திலும் எழுந்து பேசும் துணிச்சல் எப்படி வரும்?

கேட்டிருப்பவர், அலுவலகத்தில் வாய் திறக்க முடியாமல் வீட்டுக்கு வந்து, படுத்த பிறகு மனத்துக்குள் பேசிப் பார்ப்பவராகத்தான் இருக்க வேண்டும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். 1927இல், சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய நீல் சிலைப் போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலை அம்மாள் எங்கள் கடலூர்க்காரர் என்று கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் மேலாளர் அறைக் கதவைத் தட்டக்கூட எனக்குக் கை எழாது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கூரைத் தகடுகள் பறந்து, கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டதால், அடுத்த மூன்று வாரமும் தொழிலாளர்கள் நாளுக்கு 12 மணி நேரம் உழைத்தார்கள். நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்லியிருக்க, எனக்கு வந்த உத்தரவோ ஒற்றைக் கூலி. தெரிந்தேதான் அப்படியே பதிவேட்டில் ஏற்றினேன். குடும்பச் சூழ்நிலை என்று சமாதானம் சொல்லலாம்; சொல்லப்போவதில்லை.

ஜனவரி இறுதியில் நடந்த கூட்டத்தில், "யாருக்காவது குறை இருக்கா?" என்று மேலாளர் கேட்டபோது, தேநீர்க் கடையில் நாள்தோறும் இதையே பேசியவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். (அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.) நான் எழுந்தேன்; தொண்டை அடைத்துக்கொண்டது. "உட்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நாலாக மடித்துக் கையில் வைத்திருந்த தாள் வியர்வையில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. பின்வரிசையிலிருந்து கொதிகலன் பிரிவுப் பெரியவர் ஒருவர், "பாப்பா படிக்கட்டும் சார்" என்றார். படித்தேன்: இன்னாருக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு பாக்கி, சட்டத்தின் இன்ன பிரிவு. குரல் கடைசிவரை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கணக்கைத் தவறென்று சொல்ல மேலாளருக்கு வழியில்லை.

ஆகவே, நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சொல்ல வேண்டியதை ஐந்து வரியில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே ஒருவரிடமாவது சொல்லிவைத்துவிட்டு எழுந்திருங்கள். நான் குடியிருக்கும் ஊராட்சியின் ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அப்படித்தான் வடிகால் பற்றிப் பேசினேன். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட்டேன்.

"உனக்கு நிரந்தர வேலை, பேசிவிட்டாய், ஒப்பந்தத்தில் இருப்பவர் பேசினால் மறுநாள் வேலை இருக்குமா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிலுவைத் தொகை ஏப்ரலில் வந்தது, என் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும். கிடங்குச் சேற்றை வாரிக் கொட்ட ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த பெண்கள் 11 பேர். அவர்கள் பெயர் அதில் இல்லை; அன்று நான் படித்த தாளிலும் இல்லை.