செல்லுக்குள் ஒளிர்வது துகளா, சாயமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்டோபர் முறையில் (அம்மோனியா கலந்த எத்தனாலில் சிலிக்கா உருண்டைகளை வளர்க்கும் முறை) எஃப்ஐடிசி எனும் பச்சையாக ஒளிரும் ஃபுளோரெசின் வகைச் சாயம் கலந்து சிலிக்கா நானோதுகள் செய்தோம். எத்தனை முறை கழுவினாலும், மையவிலக்கில் துகள் படிந்தபின் மேலே நிற்கும் மேல்நீர் பச்சையாகவே இருக்கிறது. ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) இட்டால் செல் முழுவதும் மங்கலாக ஒளிர்கிறது. எங்கே பிழை?
– முதுநிலை வேதியியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: சாயத்தை எத்தனாலில் கரைத்து, நேரே குடுவையில் ஊற்றியிருப்பீர்கள். அது நிற்காது. ஸ்டோபர் முறையின் காரக் கரைசலில் ஃபுளோரெசினுக்கு எதிர்மின்சுமை. சிலிக்காவின் மேற்பரப்புக்கும் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று விலக்குவதால் சாயம் துளைகளில் சிறிது தங்கி, பிறகு கசிந்துவிடும். நீங்கள் பார்த்த மங்கல் ஒளி பெரும்பாலும் கசிந்த சாயத்தினுடையது. துகள் உள்ளே போயிருந்தால், உட்கருவைச் சுற்றித் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்.

சாயத்தை முதலில் சிலேனோடு (சிலிக்காவோடு இணையும் சிலிக்கான் சேர்மம்) வேதிப்பிணைப்பால் கட்ட வேண்டும். 2 மி.கி. எஃப்ஐடிசியை 1 மில்லி நீரற்ற எத்தனாலில் கரைத்து, அமினோபுரோப்பைல் டிரைஎத்தாக்சிசிலேன் 5 மைக்ரோலிட்டர் சேருங்கள். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றி, இரவு முழுவதும் கலக்க விடுங்கள். சிலேனின் அமீனும் சாயத்தின் ஐசோதயோசயனேட்டும் சேர்ந்து தயோயூரியா பிணைப்பு உண்டாகும். 95 சதவீத எத்தனால் இதற்கு ஆகாது. அதிலுள்ள நீரால் சிலேன் தன்னோடு தானே இணைந்து கட்டிகளாகும்.

மறுநாள் 50 மில்லி எத்தனாலில் 28 சதவீத அம்மோனியா 3 மில்லி சேர்த்துக் கலக்குங்கள். சாயக் கலவையையும், அதைத் தொடர்ந்து சிலிக்காவின் மூலப்பொருளான டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 1.5 மில்லியையும் ஒரே ஊற்றலில் விடுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் அளவு சிதறும். 25 டிகிரியில், இருட்டில், 12 மணி நேரம் கலக்கினால் சுமார் 100 நானோமீட்டர் துகள்கள் கிடைக்கும். பிறகு அதே கரைசலில் இன்னும் 0.5 மில்லி சிலிகேட்டை 50 மைக்ரோலிட்டர் வீதம், பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் விடுங்கள். சாயமில்லாத 5 நானோமீட்டர் ஓடு மேலே படியும். கசிவைத் தடுப்பதில் இந்த ஓட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே மட்டும் அவசரம் கூடாது. மொத்தமாக ஊற்றினால் ஓடு வளராமல், சாயமே இல்லாத புதுச் சிறுதுகள்கள் முளைத்துவிடும்.

சாயத்தைக் கூட்டினால் ஒளி கூடும் என்பது எல்லோரும் எண்ணுவது. 2 மி.கி. முழுவதும் உள்ளே போனாலே மூலக்கூறுகளுக்கிடையே சராசரி இடைவெளி 4 நானோமீட்டர்தான். 10 மி.கி. போட்டால் அவை இன்னும் நெருங்கி, ஒன்றின் ஒளியை ஒன்று அணைக்கும்.

கழுவுவது: 10,000 ஜி விசையில் 15 நிமிடம், எத்தனாலில் மூன்று முறை, நீரில் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் துகளைச் சோனிகேட்டரில் (மீயொலிக் கருவி) முழுமையாகப் பிரித்துவிட வேண்டும். கடைசி மேல்நீரில் துளி பைகார்பனேட் சேர்த்து, 495-இல் தூண்டி 519 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். அமிலச் சாயலுள்ள நீரில் ஃபுளோரெசின் மங்குவதால், பைகார்பனேட் இல்லாமல் பார்த்தால் கசிவு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். அதன்பின் துகளைச் சீரம் கலந்த வளர்ப்பூடகத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, மையவிலக்கில் சுற்றி, மேல்நீரை மட்டும் வேறொரு தட்டுச் செல்களில் இடுங்கள். அந்தச் செல்கள் ஒளிர்ந்தால், துகளை வைத்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது.

கேள்வி: பிப்ரவரியில் 100 நானோமீட்டர் தந்த அதே செய்முறை, ஆடியில் 60 தருகிறது. சில நாள் கட்டியாகவும் போகிறது.
– ஆராய்ச்சி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: துகள் சிறுத்ததற்கு முதலில் அம்மோனியா பாட்டிலைச் சந்தேகியுங்கள். திறந்து திறந்து மூடிய பாட்டில் வலுவிழக்கும்; அம்மோனியா குறைந்தால் துகள் சிறுக்கும். 25 சதவீதம் என்று அச்சிட்ட பாட்டில்களும் உண்டு, செய்முறை 28-க்கு எழுதப்பட்டிருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்து, அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். அம்மோனியா பாட்டிலைத் திறக்குமுன் குளிரவைப்பது நல்லது.

கட்டிக்குக் காரணம் ஈரம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. சிலேன் பாட்டில்களுக்கு இது கடினமான ஊர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்தால் உள்ளே ஈரம் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்து, சிறு குப்பிகளில் பங்கிட்டு, நைட்ரஜன் நிரப்பி டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடுகலம்) வையுங்கள். கழுத்தில் வெள்ளை வளையம் கட்டிய பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடிக் கலங்கள் 110 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் காயட்டும்.

இன்னொன்று: துகளை உலர்த்திப் பொடியாக வைத்தால் மேற்பரப்பின் சிலனால் (Si–OH) தொகுதிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும், எத்தனை நேரம் சோனிகேட் செய்தாலும் பழைய துகள் திரும்பாது. உறையவைத்தாலும் கட்டிதான். எத்தனாலில், இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள். கான்ஃபோகல் (செல்லை அடுக்கடுக்காகக் காட்டும் நுண்ணோக்கி) படத்துக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோகும்போதும் எத்தனாலிலேயே கொண்டுபோய், அங்கே நீருக்கு மாற்றுங்கள். உப்புக்கரைசலில் வைத்தால் சிலிக்கா மெல்லக் கரையும்.

கேள்வி: மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பள்ளியில் இதைச் செய்து காட்ட முடியுமா?
– அறிவியல் ஆசிரியர், குளச்சல்

பதில்: மணல் வேண்டாம். அதில் இல்மனைட், கார்னெட், சிர்கான் கலந்திருக்கிறது. அதிலுள்ள மோனசைட்டில் கதிரியக்கத் தோரியமும் உண்டு. நாஞ்சில் நாட்டு நெல் உமி போதும். உமியைக் கழுவி, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் காய்ச்சி, நன்கு அலசி உலர்த்தி, 600–650 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்தால் வெள்ளைச் சாம்பல் வரும். சூடு மிகுந்துவிட்டால் அது படிகமாக மாறும். படிகச் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் காய்ச்சி வடிகட்டி, அமிலத்தால் நடுநிலைக்குக் கொண்டுவந்தால் சிலிக்கா கூழாகும். காய்ச்சுவதும் எரிப்பதும் கல்லூரி ஆய்வகத்தில் நடக்கட்டும். கூழாக்குவதை மட்டும் வகுப்பில் காட்டுங்கள். ஆனால் செல் படமெடுக்கத் தேவையான சீரான அளவு இதில் வராது.

கேள்வி: துகள் செல்லுக்குள் போனது, சில மணி நேரத்தில் ஒளி குறைகிறது. எவ்வளவு இட வேண்டும்?
– நுண்ணுயிரியல் ஆய்வாளர், தக்கலை

பதில்: துகள் போய்ச் சேரும் இடம் லைசோசோம், செல்லின் செரிமானப் பை. அங்கே அமிலநிலை (pH) 4.5 முதல் 5 வரை. எஃப்ஐடிசி அதில் மங்கும். நாள் கணக்கில் பின்தொடர்வதானால் ரோடமின் பி ஐசோதயோசயனேட்டுக்கு மாறுங்கள். அதை இந்த அமிலநிலை அவ்வளவாகத் தொடாது.

மில்லிக்கு 10, 25, 50 மைக்ரோகிராம் என்று தொடங்கி, எம்டிடி சோதனையில் (செல்கள் உயிரோடு உள்ளனவா என்று பார்ப்பது) செல்கள் நலமாக இருந்து, ஒளியும் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த அளவைப் பயன்படுத்துங்கள். செல்லுக்கு வெளியே ஒட்டியிருக்கும் துகளின் ஒளியை டிரைபன் நீலச் சாயத்தால் அணைத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்: சாயம் ஓட்டுக்குள் இருப்பதால் நீலம் அதை முழுதாக எட்டாது. 4 டிகிரியில் வைத்த செல்களை ஒப்பீட்டுக்கு எடுங்கள். அங்கே உள்வாங்கல் ஏறக்குறைய நின்றுவிடும். கூடவே கான்ஃபோகலில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, புள்ளி சவ்வுக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று பாருங்கள்.