கடையை மூடிவிட்டு முழுநேரமும் வரையலாமா?

வணக்கம். குடியேறிய நாட்டில் நடத்தும் படச்சட்டக் கடையை இரவில் அடைத்த பிறகு தைலவண்ணம் தீட்டக் கை ஓடவில்லை, கடையையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் குடியிருப்பு அனுமதி அந்தத் தொழிலைச் சார்ந்ததா? அப்படியென்றால் கடையோடு அதுவும் போகலாம். இதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள், எங்களிடம் அல்ல.

வரைவதைக் காலைக்கு மாற்றுங்கள். மஞ்சள் விளக்கில் நீலமும் ஊதாவும் ஏமாற்றும். தைலவண்ணம் காயப் பல நாட்கள் எடுப்பது உங்களுக்குச் சாதகமே: கடை திறக்குமுன் ஒரு படலம் தீட்டிவிட்டால், அது காயும் நாட்களில் அடுத்த கித்தானைத் தொடலாம்.

கடைச் சுவரில் உங்கள் ஓவியங்களை மாட்டினீர்களா? சட்டம் போட வருபவர்கள் வீட்டில் படம் மாட்டுகிறவர்கள்தானே! அந்த விற்பனைக்கு மட்டும் தனிக் கணக்கு வையுங்கள்.