பஞ்சாரத்துக்குள் என்ன கோழி?

போன மாதம் நாட்டுக்கோழி முட்டை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதிலிருந்து வருகிற தபாலில் பாதி கோழிக் கடிதம். மிக்ஸி, மெத்தை வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பதில் அடுத்த வாரம்.

கேள்வி: வேனில் வந்தவரிடம் 'சுத்தச் சிறுவிடை' என்று சின்ன ரக நாட்டுக்கோழிக் குஞ்சு 20 வாங்கினேன், குஞ்சு 80 ரூபாய். ஏழு மாதம் ஆகிறது. பெட்டையே இரண்டு கிலோ நிற்கிறது. முட்டை இடுகிறது, ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. கேட்டால், "நாட்டுக்கோழிதானே, நல்லா வளர்ந்திருக்கே" என்கிறார். (ஒட்டன்சத்திரம்)

பதில்: நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, வேறு கோழியாக. சிறுவிடைப் பெட்டை முழுசாக வளர்ந்தாலும் ஒன்று, ஒன்றரைக் கிலோதான். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் மூலையில் ஒடுங்கி இறகைச் சிலிர்க்கும், கையை நீட்டினால் கொத்தும். உங்களிடம் இருப்பது வனராஜா, கிரிராஜா மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கும். முன்னது ஹைதராபாத்திலும் பின்னது பெங்களூரிலும் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை. முட்டை நிறைய வரும். அடை கிடக்கிற கோழி முட்டை இடாது என்பதால், முட்டைக்காக உருவாக்கிய கோழிகளில் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விட்டது. நல்ல கோழிகள், எனக்கு அவற்றோடு சண்டையே இல்லை.

சண்டை பெயரோடுதான். நம் ஊரில் வெள்ளையாக இல்லாததெல்லாம் நாட்டுக்கோழி. முட்டைப் பண்ணைக்கு உதவாத சேவல் குஞ்சை நாலு மாதம் வளர்த்துத் தொங்கவிட்டால் நாட்டுக்கோழிக் கறி. கூண்டில் தீவனம் தின்கிற கோழியின் பழுப்பு முட்டையை வைக்கோல் போட்ட பெட்டியில் அடுக்கினால் நாட்டுக்கோழி முட்டை. அதற்கும் வழியில்லாதவர் வெள்ளை முட்டையை டீத்தண்ணீரில் முக்கி எடுக்கிறார். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. மஞ்சள் கருவின் நிறம் அது தின்ற மக்காச்சோளத்தாலும் கீரையாலும் வருவது. இரண்டையும் பார்த்து 'சத்து' என்று முடிவு கட்டி இரட்டை விலை கொடுப்பவர்களை வருடக்கணக்கில் பார்த்துவிட்டேன். என் வீட்டிலேயே ஒருவர் உண்டு, பெயர் சொன்னால் சோறு கிடைக்காது.

சிறுவிடையா கலப்பா என்று ஒருநாள் குஞ்சைப் பார்த்து அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. வேன்காரராலும்தான். அடுத்த முறை, வளர்க்கிறவர் வீட்டுக்கே போய்த் தாயும் குஞ்சுமாக வாங்குங்கள். தாய்க்கோழி உங்களைத் துரத்தினால் பேரம் பேசாமல் காசைக் கொடுங்கள்.

கேள்வி: கருங்கோழி முட்டையும் கறுப்பாக இருக்குமாமே? ஒன்று 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. (திருப்பூர்)

பதில்: இருக்காது. கறுப்பாக இருந்தால் தொட்டுப் பாருங்கள், விரலில் ஒட்டும்.

கேள்வி: கருங்கோழி என்று வாங்கி அறுத்தால் உள்ளே சாதாரணக் கறிதான். இறகு மட்டும் கறுப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது? (கோபி)

பதில்: கருங்கோழி என்பது கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி. அதன் கறி 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கோழிக்குக் கறுப்பு இறகோடு நிற்பதில்லை. வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலைப் பாருங்கள். காலும் கொண்டையும் கறுத்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு ஜோடி வாங்கி ஏமாந்தவன் நான். சந்தையில் பொழுது சாய்கிற நேரம். சேவலின் கொண்டை ரத்தச் சிவப்பு. "வயசானா கறுத்துரும் சார்" என்றார் விற்றவர். மூன்று வருடம் காத்திருந்தேன். தலைமுடி எனக்குத்தான் வெளுத்தது.

கேள்வி: முட்டைக்கென்று சந்தையில் ஐந்து பெட்டை வாங்கினேன். இரண்டு மாதமாக ஒரு முட்டை இல்லை. விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்கலாமா? (மேலூர்)

பதில்: எதைச் சொல்லிக் கேட்பீர்கள்? கையில் எடுத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கத்தரிக்காயையே திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊர் ஐயா இது. கோழியைக் கக்கத்தில் தலை பின்பக்கம் போக இடுக்கிக்கொண்டு, முட்டை வாய்க்கு இரு பக்கமும் துருத்துகிற எலும்புகளுக்கு நடுவே விரல் வையுங்கள். இரண்டு, மூன்று விரல் போனால் முட்டையில் இருக்கிறது. ஒரு விரலே இடித்தால் இன்னும் முட்டைக்கு வராத வெடை, அல்லது முட்டை நின்ற கோழி. முட்டை வாய் அகலமாக ஈரமாக இருக்க வேண்டும். கொண்டை சிவந்திருக்க வேண்டும். கால் செதில் தூக்கிச் சொரசொரத்திருந்தால் செதில் பூச்சி. காதருகே வைத்துக் கேளுங்கள், மூச்சில் கரகரப்பு இருந்தால் இறக்கி வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: மகளிர் குழுக் கடனில் 50 குஞ்சு வாங்கினேன். "ஊசி போட்டாச்சு" என்று விற்றவர் குஞ்சுக்கு 5 ரூபாய் சேர்த்து வாங்கினார். ஐந்தாவது வாரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி 41 செத்துவிட்டன. ஊசியே போடவில்லை என்று அவரிடம் வேலை பார்த்த பையன் சொல்கிறான். என்னிடம் ரசீது இல்லை. (மணப்பாறை)

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது ராணிக்கெட் மாதிரி இருக்கிறது, ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. அதற்குக் காசு வாங்கிக்கொண்டு போடாமல் விட்டது மோசடி.

ரசீது இல்லாவிட்டால் என்ன? போனில் பணம் அனுப்பியிருந்தால் அது ஆதாரம். 'ஊசி போட்டாச்சு' என்று செய்தி அனுப்பியிருந்தால் அதுவும் ஆதாரம், அழித்துவிடாதீர்கள். இன்னொன்று செத்தால் புதைக்காமல் ஐஸில் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. "வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். மிச்சம் ஒன்பதையும் தனியாகப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: ஒன்றரை லட்சம் கட்டினால் கருங்கோழி, கொட்டகை, தீவனம் தந்து, வளர்ந்ததை அவர்களே வாங்கி, மாதாமாதம் பணமும் தருவார்களாம். சேரலாமா? (சேலம்)

பதில்: 2012, பெருந்துறை, ஈமு கோழி மோசடி. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கிளிமூக்கு விசிறிவால் குஞ்சு, போட்டோ பார்த்து 12,000 அனுப்பி வாங்கினேன். வளர்ந்தபின் மூக்கு கிளி மாதிரி வளையாமல் நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. போட்டோவில் இருந்தது தகப்பன் சேவலாம். (திண்டுக்கல்)

பதில்: அந்தச் சேவல்தான் தகப்பன் என்று அதன் பெட்டையாவது சொன்னதா? வால் குஞ்சில் தெரியாது. மூக்கும் முகமும் வளர வளரத்தான் உருப்படும். அதனால்தான் தெரிந்தவர்கள் தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்கிறார்கள், கூடப்பிறந்ததையும் பார்க்கிறார்கள். அவர் எழுத்தில் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை அனுப்புங்கள், பிறகு பேசுவோம். போட்டோ வேண்டாம்.

கேள்வி: நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பிரித்து அடை வைக்கலாமா? (தேனி)

பதில்: வைக்கலாம். பாதி சேவல் வரும், பாதி பெட்டை வரும்.